அலையில் யாருக்கு முதல் வழி? கடலில் புதிதாக போர்டு பிடிப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தராத விதி

தளியிலிருந்து ஜவளகிரி பக்கம் போகும் சாலையில், ராகி அறுவடைக் காலத்தில் ஒரு காட்சி சகஜம். பன்னர்கட்டா காட்டுப் பக்கமிருந்து வரும் யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும். வனத்துறையினர் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். லாரி, கம்பெனி பஸ், பைக் எல்லாம் வரிசையில் நிற்கும். ஹாரன் அடிக்க யாருக்கும் கை வராது. 'யார் முதல்ல போகணும்?' என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

அதே சாலையில் தினமும் ஷிஃப்டுக்குப் போய்வரும் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து, சனிக்கிழமை காலை சென்னையை அடுத்த கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ வாடகை போர்டோடு கடலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அலை வருகிறது. நல்ல அலை. அவரைப் போலவே இன்னும் நான்கு பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். இப்போது யார் போகலாம்? கடலில் சிக்னல் இல்லை, டிராஃபிக் போலீஸ் இல்லை. ஆனால் விதி இருக்கிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயிற்சியில் போர்டில் எழுந்து நிற்கக் கற்றுத் தந்துவிடுகிறார்கள். இந்த விதியைச் சொல்ல பல நேரம் அவகாசம் இருப்பதில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

சர்ஃபிங் என்ற அலைச்சறுக்கு, தமிழ்நாட்டில் வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய அளவில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடத்தத் திட்டமிடப்பட்ட ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் சர்ஃபிங் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் டோக்கியோ போட்டியிலேயே நுழைந்துவிட்டது. ரீல்ஸ் வேறு இருக்கிறது. கேட்கவா வேண்டும்?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு: இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே போனால் மாமல்லபுரம், கோவளம், சுமார் 300 கிலோமீட்டர். மேற்கே போனால் மங்களூருவை அடுத்த முல்கி. தூரம் கூடுதல்தான், ஆனால் பெங்களூருவிலிருந்து இரவு பஸ்ஸுக்குக் குறைவில்லை. முல்கியில்தான் 'சர்ஃபிங் சுவாமி' என்று அழைக்கப்படும் அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் 2004 வாக்கில் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். இந்திய சர்ஃபிங்கின் ஆரம்பப் புள்ளி என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தானே போர்டில் ஏறிப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அது பின்னர் கோவளம் பாயிண்ட் சர்ஃப் பள்ளியாக வளர்ந்தது.

இரண்டு கடற்கரையிலும் ஒரே கதைதான். கற்றுக்கொள்ள வருபவர்கள் கூடுகிறார்கள். நல்ல அலை உடையும் இடமோ அதே அளவுதான் இருக்கிறது.

அலை எங்கே உடைகிறது, அதைப் பாருங்கள்

விதியைப் புரிந்துகொள்ள முதலில் அலையைப் புரிந்துகொள்ள வேண்டும். கரையில் நின்று பார்த்தால் அலை மொத்தமாக வந்து விழுவது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு இடத்தில் முதலில் முகடு சரிந்து நுரை தள்ளும். பிறகு அந்த நுரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். முதலில் உடையும் அந்த இடத்தை 'பீக்' என்பார்கள். இன்னும் உடையாமல் வழவழப்பாக இருக்கும் பக்கம் 'ஷோல்டர்', அதாவது அலையின் தோள். சர்ஃபர் பீக் பக்கத்தில் எழுந்து, நுரை துரத்த, தோள் பக்கமாகச் சறுக்கிப் போகிறார். இவ்வளவுதான் விளையாட்டு.

இதிலிருந்து முதல் விதி தானாகவே பிறக்கிறது. பீக்குக்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை. மற்றவர்கள் விலக வேண்டும். ஏற்கெனவே ஒருவர் எழுந்து வரும்போது, அவருக்கு முன்னால் தோளில் இன்னொருவர் நுழைவதற்கு 'டிராப் இன்' என்று பெயர். சர்ஃபிங்கில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

ஏன் பீக் பக்கம் இருப்பவருக்கு? அவர் சீனியர் என்பதாலோ, முதலில் வந்தவர் என்பதாலோ இல்லை. அவருக்குப் பின்னால் நுரை உடைந்துகொண்டே வருகிறது. நின்றால் அது அவரை விழுங்கிவிடும். முன்னால் போவதைத் தவிர பெரிதாக வழியில்லை. தோளில் இருப்பவருக்கோ அலை இன்னும் உடையவே இல்லை. துடுப்புப் போடும் கையை நிறுத்தி, போர்டின் மேல் எழுந்து உட்கார்ந்தால் போதும், அலை அடியில் வழுக்கிப் போய்விடும். ஒருவரால் நிறுத்த முடியாது, இன்னொருவரால் முடியும். முடிகிறவர்தான் நிறுத்த வேண்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத இடத்தில், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. லோடு ஏற்றிய லாரி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால்தான். கடலில் இது தலைகீழாகத் தெரியும்: அலையில் இறங்கி வருபவருக்கு, உள்ளே ஏறிப்போகிறவர் வழிவிட வேண்டும். ஆனால் காரணம் ஒன்றேதான். நிறுத்த முடியாதவருக்கு முதல் வழி. தளி சாலையில் யானைக்குக் கிடைக்கும் முன்னுரிமையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், கொஞ்சம் பயமும் சேர்ந்தது.

வலதா, இடதா? கரையில் நிற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம்

இங்கே புதியவர்கள் எல்லோரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. 'ரைட் போறேன்', 'லெஃப்ட் போறேன்' என்று சர்ஃபர் கத்துவது, கரையைப் பார்த்தபடி அலையில் வரும் அவருடைய வலது, இடது. கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு அது நேர் எதிர். வீடியோ எடுக்கும் நண்பர் 'மச்சி, லெஃப்ட்ல வர்றான் பாரு' என்று கத்தினால், தண்ணீரில் இருப்பவருக்கு அது ரைட்.

திசையை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது எளிது. கோவளம், மாமல்லபுரம் போன்ற கிழக்குக் கடற்கரையில் சர்ஃபர் மேற்கு நோக்கி வருகிறார். அவருடைய வலது என்றால் வடக்கு. தெற்கிலிருந்து வரும் அலைவரத்து கரையை உரசியபடி வடக்கே உருள்வதால், நம் பக்கம் பெயர்பெற்ற அலைகள் பெரும்பாலும் 'ரைட்'தான். முல்கியில் கரை கிழக்கே இருக்கிறது. அங்கே வலது என்றால் தெற்கு. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று போகும் ஓசூர்க்காரருக்கு இது உதவும்.

சில அலைகள் நடுவில் கூரை போல முகடு கட்டி, இரண்டு பக்கமும் உடையும். அப்போது இரண்டு பேர் போகலாம், ஒருவர் வலது, ஒருவர் இடது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். 'நீங்க ரைட் போங்கண்ணா, நான் லெஃப்ட்' என்றால் முடிந்தது. கூச்சப்பட்டு மௌனமாக இருந்து, இருவரும் ஒரே பக்கம் திரும்பி முட்டிக்கொள்வதுதான் நடக்கிறது. முல்கியில் என்றால் 'நீவு ஹோகி' என்று கன்னடத்தில் சொல்லிவிடலாம். தளிக்காரருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. 'அண்ணா' என்ற சொல் இரண்டு கரையிலும் செல்லும்.

பாறை முனை அல்லது நிலமுனையைச் சுற்றி உடையும் 'பாயிண்ட் பிரேக்' அலையில் பீக் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். யார் அருகில் என்பதில் சண்டைக்கு இடம் குறைவு. இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கத்து அறுகம்பை அப்படித்தான். மணல் கரையில் உடையும் 'பீச் பிரேக்' வேறு ரகம். மணல் திட்டு நகர நகர பீக்கும் இடம் மாறும். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் உடையும். புதியவர்கள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த மணல் கரையில்தான். விதியைக் கடைப்பிடிக்கக் கஷ்டமான இடமும் அதுதான். கொடுமை என்னவென்றால், விதி தெரியாதவர்கள் அதிகம் கூடும் இடமும் அதுவே.

உள்ளே போகும்போதுதான் அடி விழுகிறது

அலையைப் பிடிப்பதை விட, அலை உடையும் இடத்தைத் தாண்டி உள்ளே போவதுதான் புதியவர்களுக்கு ஆபத்தான நேரம். நேர் கோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். அந்த நேர்கோடு, சறுக்கி வருபவர்களின் பாதைக்குள் போகிறது. சுற்றித்தான் போக வேண்டும். அலை உடையாத, கொஞ்சம் ஆழமான பக்கவாட்டு வழி ஒன்று அநேகமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த வழி பல நேரம் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமாக இருக்கும். போர்டும் பயிற்சியும் உள்ளவருக்கு அது லிஃப்ட் மாதிரி. குளிக்க இறங்கியவருக்கு அதுதான் எமன். சென்னை சுற்றுவட்டாரக் கடற்கரைகளில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்கி உயிரிழப்பவர்கள் பலர் சிக்குவது இதில்தான். முதல் நாள், இரண்டாம் நாள் ஆசாமிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். இடுப்பளவு நீரில், உடைந்து முடிந்த வெள்ளை நுரையில் பழகினால் போதும்.

சரி, உள்ளே போய்க்கொண்டிருக்கிறீர்கள்; எதிரே ஒருவர் அலையில் வந்துவிட்டார். எந்தப் பக்கம் விலகுவது? மனசு சொல்லும் பதில்: நுரை இல்லாத பக்கம். அதுதான் தவறு. அவரும் அந்தப் பக்கம்தான் வருகிறார், உடையாத தோள்தான் அவருடைய சாலை. நீங்கள் அவருக்குப் பின்னால், நுரை பக்கமாகப் போக வேண்டும். நுரை உங்களைப் புரட்டும், மூக்கில் தண்ணீர் ஏறும், பத்து அடி பின்னால் தள்ளும். அந்த அடியை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. முதல் நாளிலேயே இது புரிந்துவிட்டால் பாதி சர்ஃபர் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

எந்தப் பக்கமும் போக முடியாவிட்டால்? அசையாமல் இருப்பது நல்லது. எதிரே வருபவர் பெரும்பாலும் உங்களைவிடத் தேர்ந்தவர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர் சுற்றிப் போய்விடுவார். கடைசி நொடியில் தடுமாறி அங்கும் இங்கும் நகர்வதுதான் மோதலில் முடிகிறது. சாலையில் பாதி தூரம் கடந்துவிட்டு, திடீரென்று திரும்பி ஓடுபவரை ஓட்டுநர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்று யோசித்தால் புரியும்.

போர்டை வீசாதீர்கள்

பெரிய அலை வந்தால் புதியவர்கள் செய்யும் முதல் காரியம், போர்டை விட்டுவிட்டு முங்குவது. காலில் கயிறு கட்டியிருக்கிறதே, எங்கே போய்விடும் என்ற தைரியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 அடி போர்டு, காலில் கட்டிய லீஷ் இன்னொரு 9 அடி. விட்ட போர்டு கயிறு முழுக்க நீண்டு போனால் அதன் மறுமுனை உங்களிடமிருந்து 18 அடி தூரம்வரை எட்டும். அதற்குள் இருக்கும் யார் தலையிலும் விழலாம். போர்டைப் பிடித்தபடி அலையைத் தாண்டக் கற்றுக்கொள்வதும், முடியாவிட்டால் விடுவதற்கு முன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பதும் கட்டாயம். விழுந்து மேலே வரும்போது தலையைக் கையால் மூடிக்கொண்டு வர வேண்டும். சொந்த போர்டே திரும்பி வந்து அடிப்பது சாதாரணம்.

இந்த லீஷுக்கே ஒரு ரத்தக்கறை படிந்த வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பேட் ஓ'நீல் என்ற இளைஞர் போர்டையும் சர்ஃபரையும் இணைக்க ரப்பர் போன்ற கயிற்றைப் பயன்படுத்திப் பார்த்தார். அது இழுபட்டுத் திரும்பி வந்ததில் அவருடைய தந்தை ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தார். குளிர் தாங்கும் வெட்சூட் உடையால் உலகப் புகழ்பெற்றவர் அவர். கண் மறைப்புடன் இருக்கும் அவர் முகம் பின்னாளில் கம்பெனி விளம்பரத்திலேயே வந்தது. கயிறு பின்னர் மேம்பட்டது. இன்று அது இல்லாமல் கூட்டத்தில் இறங்குவதைத்தான் குற்றமாகப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பைரன் பே பகுதி உள்ளாட்சி, லீஷ் கட்டாமல் சர்ஃபிங் செய்தால் அபராதம் என்றே அறிவித்தது.

நேரம் பார்த்து வளைத்துப் போவது

பீக்குக்கு அருகில் இருப்பவருக்கே அலை என்றால், ஒவ்வொரு முறையும் மற்றவர்களைச் சுற்றிக்கொண்டு போய் பீக்கில் உட்கார்ந்துகொண்டால் போயிற்றே? சிலர் செய்கிறார்கள். இதைப் பாம்பு போல வளைந்து நுழைவது என்ற பொருளில் 'ஸ்நேக்கிங்' என்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் 'ஒரு நிமிஷம்' என்று முன்னால் போய் நின்றுகொள்ளும் ஆசாமியின் கடல் பதிப்பு. எழுத்துப்படி பார்த்தால் அவர் விதியை மீறவில்லை. ஆனாலும் யாரும் மன்னிப்பதில்லை.

நீளமான போர்டு, நின்றபடி துடுப்புப் போடும் எஸ்.யு.பி. போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தனிச் சலுகை இருக்கிறது. அலை உடையும் முன்பே, தொலைவிலிருந்தே அவர்களால் பிடித்துவிட முடியும். நினைத்தால் வரும் எல்லா அலையையும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கக் கூடாது என்பதுதான் எழுதாத ஒப்பந்தம். ஒன்று பிடித்தால், திரும்பி வந்து அடுத்ததை மற்றவருக்கு விட வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி போர்டும் நீளமானதுதான் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மீறினால் என்ன ஆகும்?

போட்டியில் என்றால் பதில் தெளிவு. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரின் சிறந்த இரண்டு அலைகள்தான் கணக்கு. முன்னுரிமை உள்ளவரின் அலையில் குறுக்கே புகுந்தால், அந்த இரண்டில் ஒன்றின் மதிப்பெண் பாதியாகும் அல்லது முழுதாகப் போகும். ஒரு தவறில் சுற்றே போய்விடும். யாருக்கு முன்னுரிமை என்பதை நடுவர்கள் நிற வில்லைகள் மூலம் கரையிலிருந்தே காட்டிக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை கடலில் அதெல்லாம் இல்லை. சர்ஃபிங்குக்கென்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. அஜாக்கிரதையால் இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பதைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு எல்லோருக்கும் பொது, கடலுக்கு விலக்கில்லை. ஆனால் அலையில் குறுக்கே வந்தார் என்று காவல் நிலையம் போவது நடைமுறையில் யோசித்துப் பார்க்கக்கூடியதா? 2011-ல் தொடங்கிய இந்திய சர்ஃபிங் கூட்டமைப்பு போட்டி, பள்ளி, பயிற்றுநர் என்று அமைப்பு ரீதியான வேலைகளைப் பார்க்கிறது. தண்ணீருக்குள் வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை அல்ல.

அப்படியானால் விதியைக் காப்பது யார்? அந்த ஊர்க்காரர்கள்தான். இங்குதான் விஷயம் சிக்கலாகிறது.

ஊர்க்காரர்களே காவலர்கள் ஆனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் மோசமான உதாரணங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் வசதி படைத்தவர்கள் வாழும் பாலோஸ் வெர்டெஸ் எஸ்டேட்ஸ் நகரின் லுனாடா பே அலையில், 'பே பாய்ஸ்' என்று அறியப்பட்ட உள்ளூர்க் கும்பல் பல ஆண்டுகளாக வெளியாட்களை மிரட்டி விரட்டியது. கரையில் கல்லால் ஒரு கோட்டையே கட்டிவைத்திருந்தார்கள். 2016-ல் வழக்கு வந்தது, அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1966-ன் உலக சாம்பியன் நாட் யங், 2000-ல் தன் சொந்த ஊர் அலையிலேயே ஏற்பட்ட தகராறில் இன்னொரு சர்ஃபரால் கடுமையாகத் தாக்கப்பட்டார். அதன் பிறகு அலைச் சண்டைகள் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். யாரை அடிக்கிறோம் என்று கூட யோசிக்க விடாத கோபம் இது.

நம் கடற்கரையை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. லுனாடா பேயில் உள்ளூர்க்காரர் என்றால் பங்களாக்காரர். கோவளத்தில் உள்ளூர்க்காரர் என்றால் மீனவர், அல்லது மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர்களுக்கு அந்தக் கடல் வார இறுதி விளையாட்டு இல்லை. சர்ஃபிங் விதி புத்தகங்களில் 'லோக்கல் ஆட்களை மதியுங்கள்' என்று ஒரு வரி வரும். அதை மேல்நாட்டில் படித்தால் சமரசம் போலத் தோன்றும். இங்கே அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை.

படகுக்கும் வலைக்கும் முன்னால் போர்டுக்கு இடமில்லை

சர்ஃபிங்குக்கு அதிகாலை நல்ல நேரம். காற்று அடங்கி, அலை சுத்தமாக இருக்கும். பகல் ஏற ஏற கடற்காற்று வந்து அலையைக் குலைத்துவிடும். இரவில் போன ஃபைபர் படகுகள் மீனோடு கரைக்குத் திரும்பும் நேரமும் காலைதான். இரண்டும் ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில்.

துறைமுகம் இல்லாத கரையில் படகை ஏற்றுவதை ஒருமுறை பார்த்தால் போதும். படகோட்டி அலை வரிசைக்கு வெளியே காத்திருப்பார். சரியான இடைவெளி கிடைத்ததும் மோட்டாரை முழு வேகத்தில் விட்டு, ஒரு அலையின் முதுகில் ஏறி நேராக மணலுக்கு வருவார். நடுவில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். அவரால் நிறுத்த முடியாது. பீக்கில் இருக்கும் சர்ஃபரை விடவும் முடியாது. அந்தப் பாதையில் மிதந்துகொண்டிருக்கும் புதியவருக்கு, 'நான்தான் பீக்குக்குப் பக்கத்தில் இருந்தேன்' என்ற வாதம் எந்த உதவியும் செய்யாது.

சர்வதேசக் கடல் போக்குவரத்து விதியே இந்தத் தர்க்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1972-ன் மோதல் தடுப்பு விதிகளில் 18-வது விதி, எந்தக் கலம் எதற்கு வழிவிட வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. வலையோடு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு, சாதாரணமாகப் போகும் மோட்டார் கலமும் பாய்மரக் கலமும் வழிவிட வேண்டும். வலை கட்டிய படகு நினைத்த பக்கம் திரும்ப முடியாது என்பதே காரணம். அது நடுக்கடலில் கப்பல்களுக்காக எழுதியது. போர்டைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் கப்பலே விலக வேண்டும் என்றால், வாடகை போர்டு விலகாமல் இருக்க என்ன நியாயம்?

'தடைக்காலம்தானே, படகு எதுவும் வராது' என்ற நினைப்பும் வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். கரையிலிருந்து போய்வரும் நாட்டுப்படகுகளுக்கு அது பொருந்தாது. அலையும் நன்றாக இருக்கும், படகும் வரும்.

கரைவலை இழுப்பது இன்னொன்று. வலையின் ஒரு கயிறு கரையில், மறு கயிறு கொஞ்ச தூரம் தள்ளி, நடுவில் அரைவட்டமாகக் கடலுக்குள் வலை. கயிறு பாதி நேரம் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். போர்டின் அடியில் இருக்கும் ஃபின் எனும் துடுப்பு அதில் சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களின் அன்றைய வருமானத்துக்கும் ஆபத்து. மணலில் ஆட்கள் வரிசையாகக் கயிறு இழுப்பதைப் பார்த்தால், அந்த இரண்டு வரிசைக்கும் இடையில் உள்ள கடல் அந்த நேரத்துக்கு அவர்களுடையது. தள்ளிப் போய்விட வேண்டியதுதான். எவ்வளவு நேரம் ஆகும், எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குளிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி சான்று கிடைத்த பிறகு குடும்பத்தோடு வருபவர்களுக்கும் அது தெரிந்த பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தண்ணீரில் நிற்கும் குழந்தைக்கு பீக், ஷோல்டர் எதுவும் தெரியாது. பின்னால் போர்டு வருவதையும் பார்க்காது. அலை கரையைத் தொடும்வரை சறுக்க வேண்டும் என்ற ஆசையை அங்கே கொஞ்சம் முன்னதாகவே முடித்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

தப்பு செய்துவிட்டால்?

செய்யத்தான் செய்வார்கள். முதல் பத்து முறை கடலில் இறங்கியதில் ஒருமுறை கூட டிராப் இன் செய்யாத சர்ஃபர் இருப்பது சந்தேகம். அலையில் எழுந்த பிறகுதான் பக்கத்தில் இன்னொருவர் வருவது தெரியும். உடனே செய்ய வேண்டியது, அலையின் பின்பக்கமாகத் திரும்பி வெளியேறுவது. அது தெரியாவிட்டால், போர்டைக் கையில் பிடித்தபடி தட்டையாக, பின்பக்கம் விழுந்துவிட வேண்டும். தலைகீழாகப் பாயக் கூடாது. மணல் நினைப்பதைவிட அருகில் இருக்கும்.

மேலே வந்ததும் கையைத் தூக்கி, 'சாரிண்ணா, பார்க்கல' என்று சொன்னால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த அலையை அவருக்கு விட்டுவிட்டால் பேச்சே இருக்காது. பல நேரம் அவரே 'தம்பி, நீ அந்தப் பக்கம் உக்காரு, அங்க உனக்கு ஏத்த அலை வரும்' என்று கைகாட்டுவார். இந்த ஊர் அலை எங்கே எப்போது எப்படி உடையும் என்பது எந்த ஆப்பிலும் அந்த அளவு துல்லியமாகக் கிடைக்காது.

பள்ளியில் பணம் கட்டும்போது இரண்டு கேள்வி கேட்டுவிடலாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? படகு ஏறும் பாதை எது? இரண்டாவது கேள்விக்குக் கையை நீட்டிச் சட்டென்று காட்டாத இடத்தில் போர்டு வாங்குவதற்கு முன் யோசிக்கலாம். பிறகு நேராகத் தண்ணீருக்குள் ஓடாமல் பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: எங்கே உடைகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்ளே போகிறவர்கள் எந்த வழியில் போகிறார்கள், படகு எங்கே ஏறுகிறது. இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் நீளமாகத் தெரியும். ஜவளகிரி சாலையில் யானைக்காக அதைவிட அதிக நேரம் நின்றிருப்பார்.